வசூலாகாத கடன்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெஜினால்ட் எல்ஸ்ட்ராக் என்ற செதுக்கோவியர் லண்டனின் பழைய மேயர் ஒருவரின் உருவத்தைச் செப்புத் தகட்டில் வெட்டினார். அங்கி அணிந்த பெரியவர். அவருடைய கை ஒரு மண்டையோட்டின் மேல் படிந்திருந்தது. எவ்வளவு பெரிய மனிதரானாலும் முடிவு இதுதான் என்று நினைவூட்டுவதற்காக அக்காலத்துப் படங்களில் மண்டையோடு வைப்பார்கள். ஆனால் படம் விற்கவில்லை. வாங்க வந்தவர்கள் பூனையைக் காணோமே என்று கேட்டார்களாம். தகட்டில் இருந்த மண்டையோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பூனையை வெட்டினார்கள். அதன்பிறகு படம் நன்றாக விற்றது என்று சொல்கிறார்கள்.

அந்த மேயரின் பெயர் ரிச்சர்ட் விட்டிங்டன். 1423 மார்ச்சில் இறந்தவர். அவர் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆன பிறகு பிறந்த கதை அவரை விழுங்கிவிட்டது. 1605இல் அவரைப் பற்றிய நாடகம் ஒன்றுக்கு அனுமதி தரப்பட்டது. 1668இல் சாமுவேல் பீப்ஸ் லண்டன் சந்தையில் அவர் கதையைப் பொம்மலாட்டமாகப் பார்த்தார். இன்றும் கிறிஸ்துமஸ் காலத்தில் இங்கிலாந்தின் நாடக அரங்குகளில் குழந்தைகள் அந்தக் கதையைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள்.

கதை இதுதான். தாய் தகப்பன் இல்லாத ஏழைப் பையன் ஒருவன் லண்டனுக்கு நடந்தே வருகிறான். ஒரு வணிகர் வீட்டுச் சமையற்கட்டில் எடுபிடி வேலை கிடைக்கிறது. அவனுடைய ஒரே சொத்து ஒரு பூனை. முதலாளியின் கப்பலில் அது கடல் கடந்து போய், எலிகளால் அவதிப்படும் ஒரு ராஜாவுக்கு விற்கப்படுகிறது. விலை, கப்பல் நிறையப் பொன். இது தெரியாமல் பையன் அடி உதை தாங்காமல் ஓடிப்போகப் பார்க்கிறான். ஹைகேட் மேட்டில் உட்கார்ந்திருக்கும்போது லண்டன் தேவாலய மணிகள் அவனைத் திரும்பி வா, நீ மேயராவாய் என்று அழைப்பதுபோல் ஒலிக்கின்றன. திரும்புகிறான், பணக்காரனாகிறான், மேயராகிறான்.

உண்மையான விட்டிங்டன் ஏழையாகப் பிறக்கவில்லை. குளொஸ்டர்ஷயரில் பான்ட்லி என்ற ஊரில் நிலம் வைத்திருந்த ஒரு நைட்டின் மூன்றாவது மகன். 1350களில், பெரும் கொள்ளைநோய் இங்கிலாந்தைப் பாதி காலி செய்துவிட்டுப் போன கொஞ்ச காலத்தில் பிறந்தவர். 1358இல் தகப்பனார் போய்ச் சேர்ந்தார். நிலமெல்லாம் மூத்த மகனுக்கு என்பது அந்நாட்டு வழக்கம். இளைய பிள்ளைக்கு ஊரில் சோறு உண்டு, எதிர்காலம் இல்லை. ஆகவே லண்டனுக்கு அனுப்பப்பட்டுத் துணி வியாபாரம் பழகினார். பட்டு, வெல்வெட், டமாஸ்க் போன்ற விலையுயர்ந்த துணிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தும், இங்கிலாந்தின் கம்பளித் துணியை வெளியே அனுப்பியும் வாணிபம் செய்த மெர்சர்கள் என்ற வணிகர் கூட்டத்தில் ஒருவரானார். பூனை வளர்த்தாரா என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. அந்தப் பூனைக் கதையே அவருக்கு முன்பு வேறு நாடுகளில், வேறு பெயர்களில் சொல்லப்பட்டு வந்ததுதான்.

கதைக்கு எதற்கு ஒரு பூனை தேவைப்பட்டது என்று யோசிக்கலாம். ஒருவர் பெரும் பணக்காரர் என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கூடவே வரும். பூனை அந்தக் கேள்விக்கு அழகான பதில். எலி பிடித்தது, ராஜா மகிழ்ந்தார், பொன் வந்தது. யார் வயிற்றிலும் அடிக்கவில்லை, யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. அதிர்ஷ்டத்தால் வந்த செல்வத்திடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. மண்டையோடு கேட்கும் கேள்வியையும் கணக்குப் புத்தகம் கேட்கும் கேள்வியையும் பூனை ஒருசேர அடக்கிவிட்டது.

கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். 1379இல் நகரம் கேட்ட கடனுக்கு ஐந்து மார்க் கொடுத்த இளம் வியாபாரியாக முதலில் தலைகாட்டுகிறார். பத்து ஆண்டுகளுக்குள் அரண்மனை வட்டாரத்துக்குத் துணி விற்கிறார். அரசர் இரண்டாம் ரிச்சர்டின் நெருங்கிய நண்பர் ராபர்ட் டி வேர் அவருடைய வாடிக்கையாளர். அரசியலில் தோற்று டி வேர் நாட்டைவிட்டு ஓடியபோது விட்டிங்டனுக்கு 2,000 பவுண்டு பாக்கி வைத்திருந்தார். பெரிய இடத்து வாடிக்கையாளர் என்றால் பெரிய பாக்கி என்பதை அந்த வியாபாரி அப்போதே படித்திருப்பார். ஆனாலும் விலகவில்லை. 1392 முதல் 1394 வரை அரசர் ரிச்சர்டுக்கு மட்டும் ஏறத்தாழ 3,500 பவுண்டு மதிப்புள்ள துணி விற்றார்.

அரசர்களுக்குத் துணியைவிடப் பணம் அதிகம் தேவைப்பட்டது. துணிக்கடைக்காரர் மெல்ல மெல்லக் கடன் கொடுப்பவரானார். 1388க்கும் 1422க்கும் இடையில் இங்கிலாந்தின் அரசுக்கு அவர் கொடுத்த கடன்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை பதிவாகியிருக்கின்றன. மிகச் சிறியது 4 பவுண்டு, மிகப் பெரியது 2,833 பவுண்டு. வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை தடுத்திருந்த காலம் அது. கணக்கில் வட்டி என்று ஒரு வரியும் இருக்காது. ஆனால் கைம்மாறு இருந்தது. இங்கிலாந்தின் பெரிய செல்வம் ஆட்டு ரோமம். அதை வெளியே அனுப்ப அரசுக்குச் சுங்கம் கட்ட வேண்டும். கடன் கொடுத்தவர் சுங்கம் கட்டாமலே ரோமம் ஏற்றுமதி செய்துகொள்ள அரசர் அனுமதி தருவார். கொடுத்த முதலும் துறைமுகச் சுங்கத்திலிருந்தே திரும்பி வரும். லண்டனிலும் பிரெஞ்சுக் கரையிலிருந்த கலேயிலும் அந்தச் சுங்கத்தை வசூலிக்கும் பொறுப்பே சில ஆண்டுகள் விட்டிங்டன் கையில் இருந்தது. கடன் கொடுத்தவரே கடன் திரும்பி வரும் வழியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி ஐந்தாம் ஹென்றியின் பிரெஞ்சுப் போருக்குப் போனது. அங்கே முற்றுகையில் பட்டினி கிடந்தவர்களுக்கும் வெட்டுப்பட்டவர்களுக்கும் லண்டன் மெர்சரின் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்தப் படைக்குச் செலவழிந்த பவுண்டுகளில் சில அவருடைய பெட்டியிலிருந்து எண்ணிக் கொடுக்கப்பட்டவை. இதை மறைத்துவிட்டு அவருடைய அறங்களை மட்டும் எழுதினால் அதுவும் ஒரு பூனைக் கதைதான்.

அரசியலில் அவர் கால் வைத்த விதமும் கவனிக்கத்தக்கது. 1392இல் லண்டன் நகரம் அரசருக்குக் கடன் தர மறுத்தது. கோபம் கொண்ட ரிச்சர்ட் நகரத்தின் உரிமைகளைப் பறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு விட்டிங்டன் நகரப் பெரியவர்களான ஆல்டர்மன்களில் ஒருவராகவும் ஷெரீபாகவும் ஆனார். 1397 ஜூனில் மேயராக இருந்தவர் பதவியிலேயே இறந்தபோது, தேர்தலுக்குக் காத்திராமல் அரசரே விட்டிங்டனை மேயராக நியமித்தார். நகரம் 10,000 பவுண்டு கொடுத்துத் தன் உரிமைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பேரம் அவர் காலத்தில் முடிந்தது. அக்டோபரில் நகரத்தாரே அவரை முறைப்படி தேர்ந்தெடுத்தார்கள். அரசர் திணித்த ஆளை நான்கே மாதத்தில் ஊர் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது. 1406இலும் 1419இலும் மறுபடியும் மேயரானார்.

இடையில் 1399இல் ரிச்சர்ட் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். நான்காம் ஹென்றி முடிசூடினார். பழைய அரசருக்கு வேண்டியவர்கள் பலர் வீழ்ந்தார்கள். விட்டிங்டன் வீழவில்லை. புதிய அரசரின் பெண்களான பிளாஞ்சுக்கும் ஃபிலிப்பாவுக்கும் திருமணம் நடந்தபோது பொற்சரிகைத் துணி அவரிடமிருந்தே போயிற்று. ஹென்றியின் மகனுக்கும் அவர் வேண்டியவராகவே இருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் நடுக்கூடத்தைக் கட்டி முடிக்கும் செலவை மேற்பார்க்கும் வேலையை ஐந்தாம் ஹென்றி அவரிடம் ஒப்படைத்தார். 1421இல் வட்டி வாங்கியவர்களை விசாரிக்கும் நீதிபதிகளில் ஒருவராகவும் உட்கார்ந்தார். அரசர்களுக்கே கடன் கொடுத்து வளர்ந்தவர் வட்டிக் குற்றத்தை விசாரித்தார் என்பதில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறது. அன்றைய லண்டன் அதைப் பார்த்துச் சிரித்ததாகத் தெரியவில்லை. அவருடைய நாணயத்தின் மேல் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை.

எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்றும் சொல்ல முடியாது. மதுவடிப்போர் சங்கத்தின் எழுத்தர் வில்லியம் போர்லண்ட் வைத்திருந்த குறிப்பேட்டில் விட்டிங்டனைப் பற்றிய கசப்பு அப்படியே இருக்கிறது. ஏல் மதுவை அதிக விலைக்கு விற்கிறார்கள் என்று மதுவடிப்போரை அவர் விடாமல் துரத்தினார். அவர்கள் தங்கள் விருந்தில் கொழுத்த அன்னங்களைப் பரிமாறியதுதான் அவருடைய எரிச்சலுக்குக் காரணம் என்று எழுத்தர் எழுதிவைத்தார். அன்னம் தின்னும் அளவுக்கு லாபம் வந்திருக்கிறது என்றால் விலையில் ஏதோ தில்லுமுல்லு என்று ஒரு வியாபாரிக்குத் தோன்றியிருக்கும். அடுத்தவன் லாபத்தை முகர்ந்து பார்த்தே கண்டுபிடிக்கும் மூக்கு அவருடையது.

இந்த மனிதருக்குள் இன்னொருவர் இருந்தார் என்பதை 1419ஆம் ஆண்டு காட்டுகிறது. லண்டனில் கடன்பட்டோரை அடைத்துவைத்த சிறை லட்கேட்டில் இருந்தது. கொஞ்சம் வசதியான சிறை. அதனால் ஆட்கள் கடனைக் கட்டாமல் உள்ளேயே சொகுசாகக் காலம் தள்ளுகிறார்கள் என்று குற்றம்சாட்டி, அந்த ஆண்டு ஜூனில் நகர நிர்வாகம் அதை மூடியது. கைதிகள் நியூகேட் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். நியூகேட்டின் நாறிய காற்றில் ஆட்கள் சாகத் தொடங்கினார்கள். அக்டோபரில் விட்டிங்டன் மேயரானார். நவம்பர் தொடக்கத்தில் லட்கேட் மறுபடியும் திறக்கப்பட்டது. அங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் நியூகேட்டில் செத்துவிட்டார்கள் என்று நகரத்தின் ஆணையே ஒப்புக்கொண்டது. வாழ்நாளெல்லாம் கடன் கொடுத்தவர், கடனைக் கட்டாதவர்களின் சுவாசத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். பாக்கி வைத்தவன் சாக வேண்டியதில்லை என்பது கடன் கொடுப்பவன் வாயிலிருந்து வரும்போது அதற்குத் தனி எடை இருக்கிறது.

அவர் மனைவி ஆலிஸ், டார்செட்டைச் சேர்ந்த ஐவோ ஃபிட்ஸ்வாரின் என்ற நைட்டின் மகள். குழந்தைகள் இல்லை. ஆலிஸ் அவருக்கு முன்பே, பத்து ஆண்டுகளுக்கும் மேல் முன்னால், காலமாகிவிட்டார். பணம் சேர்த்தவர்கள் நிலம் வாங்கி, நிலத்தோடு குலப்பெயரை ஊன்றுவது அந்தக் காலத்து லண்டன் வணிகர்களின் ஆசை. விட்டிங்டன் அதில் நாட்டம் காட்டவில்லை. சொத்து பெரும்பாலும் கையில் பணமாகவும் வெளியே கடனாகவும் இருந்தது. உயிலில் எல்லாவற்றையும் அறத்துக்கு எழுதினார். நிறைவேற்ற நான்கு பேர். அவர்களில் முக்கியமானவர் நகரத்தின் பொது எழுத்தர் ஜான் கார்ப்பென்டர். லண்டனின் சட்டங்களையும் வழக்கங்களையும் தொகுத்து 'லிபர் ஆல்பஸ்' என்ற புத்தகத்தை 1419இல், விட்டிங்டன் மேயராக இருந்த காலத்தில், எழுதி முடித்தவர் அவர்தான்.

அந்த நால்வர் செய்தவற்றைப் பட்டியலிட்டால் அதில் பகட்டு குறைவாக இருப்பது தெரியும். நியூகேட் சிறையை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். புனித பர்த்தலோமியு மருத்துவமனையைப் பழுதுபார்த்தார்கள். நகர மன்றமான கில்ட்ஹாலுக்குத் தரை பாவினார்கள். அதையொட்டி ஒரு நூலகம் எழுப்பினார்கள். பொதுமக்களுக்குத் தண்ணீர்க் குழாய்கள் வைத்தார்கள். வின்ட்ரி பகுதியில், தேம்ஸ் கரையோரம், ஒரு நீண்ட பொதுக் கழிப்பறை கட்டினார்கள். பெண்களுக்கு 64, ஆண்களுக்கு 64 என்று 128 இருக்கைகள். கீழே ஓடிய வாய்க்காலை ஆற்றின் ஏற்றவற்றம் நாள்தோறும் கழுவிவிடும். அதன் மேல்தளத்தில் ஏழைகள் தங்க அறைகள். லண்டன் அதை விட்டிங்டனின் நீண்ட வீடு என்று அழைத்தது.

உயிரோடு இருந்தபோதே அவர் செய்த ஒன்றை வில்லியம் கிரெகரி என்ற பிற்கால மேயரின் பெயரால் அறியப்படும் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. புனித தாமஸ் மருத்துவமனையில், திருமணமாகாமல் கருவுற்ற இளம் பெண்களுக்காக எட்டுப் படுக்கைகள் கொண்ட ஒரு தனி அறையை அமைத்துக் கொடுத்தார். அங்கே நடப்பது எதுவும் வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. விஷயம் வெளியே தெரிந்தால் அந்தப் பெண்ணுக்குப் பிறகு கல்யாணமே நடக்காது என்பதுதான் காரணம். 15ஆம் நூற்றாண்டில், பாவத்தைப் பற்றி ஓயாமல் பேசிய ஒரு சமுதாயத்தில், ஒரு வயதான வணிகர் பாவத்தைப் பற்றிப் பேசாமல் அந்தப் பெண்ணின் நாளைய வாழ்க்கையைப் பற்றி யோசித்திருக்கிறார். ரகசியம் காப்பது வியாபாரிக்குப் பழக்கம். அரசர் யாரிடம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதை வெளியே சொல்லாத வாய், ஏழைப் பெண்ணுக்கும் அதே மரியாதையைத் தந்தது.

சிறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய், ரகசியப் பிரசவ அறை. ஒரு நகரம் தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது விட்டுவிடுகிற இடங்கள் இவை. இவற்றில் பெயர் பொறித்துக்கொண்டால் பெயருக்குப் பெருமை சேராது. ஆனால் ஒவ்வொரு உடலுக்கும் ஒவ்வொரு நாளும் இவை வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் லண்டன் தெருக்களில் நடந்து, ஷெரீபாகவும் மேயராகவும் ஊரின் புகார்களைக் கேட்டவருக்குத்தான் இந்த இடங்கள் கண்ணில் படும். எங்கே நாற்றம், எங்கே நெரிசல், எங்கே சாவு என்று தெரிந்தவரின் அறப்பட்டியல் இது.

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை சுகமாக முடிந்துவிடும். ஆனால் விட்டிங்டன் பலனை எதிர்பாராமல் கொடுத்தார் என்று சொல்வது பொய். அவருடைய மரணத்துக்குப் பின் எழுந்தவற்றில் அவர் மிகவும் கருதியவை இரண்டு. ஒன்று, அவர் திரும்பக் கட்டுவித்த புனித மைக்கேல் பேட்டர்நாஸ்டர் ராயல் தேவாலயத்தில் குருக்கள் கூடி வாழும் ஒரு கல்லூரி. இன்னொன்று, பக்கத்திலேயே 13 ஏழைகளுக்கு ஓர் அறவில்லம். 1424இல் அவை அமைந்தன. இரண்டுக்கும் பொதுவான வேலை ஒன்று இருந்தது: கொடுத்தவரின் ஆன்மா கரையேறப் பிரார்த்திப்பது. அந்தக் காலத்து நம்பிக்கைப்படி இறந்தவர் ஆன்மா தூய்மையாகும் இடத்தில் வேதனைப்படும். உயிரோடிருப்பவர்களின் பிரார்த்தனை அந்த வேதனைக் காலத்தைக் குறைக்கும். அறவில்லத்து ஏழைகள் நாள்தோறும் விட்டிங்டனுக்காகவும் ஆலிஸுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் வேண்டிக்கொள்ள வேண்டும். இந்தப் பெயர்களோடு அரசர் இரண்டாம் ரிச்சர்டின் பெயரும் உண்டு. குளொஸ்டர் பிரபு தாமஸின் பெயரும் உண்டு. 1397இல் கலேயில் அந்தப் பிரபு கொல்லப்பட்டார். கொலைக்குப் பின்னால் ரிச்சர்ட் இருந்தார் என்றே நாடு நம்பியது. கொன்றதாகச் சொல்லப்பட்டவரும் கொலையுண்டவரும் ஒரே பிரார்த்தனையில் அடுத்தடுத்து நின்றார்கள். இருவருமே அவரைக் கைதூக்கி விட்டவர்கள். வியாபாரி இருவருக்கும் பாக்கி வைக்காமல் கணக்கைத் தீர்த்தார்.

ஆக, கடைசி அறமும் ஒரு கடன்தான். இதற்கும் ஒரு கைம்மாறு எழுதப்பட்டிருந்தது. அரசர்கள் சுங்கத்தால் திருப்பித் தந்தார்கள்; ஏழைகள் பிரார்த்தனையால் திருப்பித் தர வேண்டும். அறவில்லத்தின் மூப்பருக்கு வாரம் 16 பென்ஸ், மற்ற 12 பேருக்கும் ஆளுக்கு 14 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். கணக்குப் போட்டால் 13 பேருக்கும் ஓர் ஆண்டுக்கு 40 பவுண்டுக்குள் அடங்கிவிடும். ரிச்சர்ட் அரசர் இரண்டு, மூன்று ஆண்டுகளில் துணிக்குச் செலவழித்த பணத்தை வைத்து இந்தப் 13 பேருக்கும் 80 ஆண்டுகளுக்கு மேல் படி அளந்திருக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனி அறை, குளிர்காய அடுப்பு, வாரப் படி. விலை மலிவு, எதிர்பார்த்த லாபமோ சொர்க்கம்.

அந்த லாபம் நின்றுபோனது. 1540களில் இங்கிலாந்தின் மதமே மாறியது. இறந்தவர்களுக்காகப் பிரார்த்திப்பது மூடநம்பிக்கை என்று அரசு அறிவித்தது. பிரார்த்தனைக்கென்று விடப்பட்ட மானியங்கள் பறிமுதலாயின. 1548இல் விட்டிங்டனின் கல்லூரி கலைக்கப்பட்டது. கில்ட்ஹால் நூலகத்துப் புத்தகங்களை, அரசை நடத்திய சாமர்செட் பிரபு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்; அவை திரும்பி வரவில்லை. புனித மைக்கேல் தேவாலயத்தில் இருந்த விட்டிங்டன் கல்லறையில் புதையல் இருக்கும் என்று நினைத்த அந்தத் தேவாலயத்துப் பாதிரியார் ஒருவர் அதைத் தோண்டினார். புதையல் இல்லை; உடலைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருவிக்கொண்டார். அடுத்த ஆட்சியில் மறுபடியும் தோண்டி ஈயம் சுற்றிப் புதைத்தார்கள். 1666இன் பெருந்தீயில் தேவாலயமும் நீண்ட கழிப்பறையும் எரிந்தன. நியூகேட் சிறை பலமுறை கட்டப்பட்டு, கடைசியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. 1949இல் அவருடைய கல்லறையைத் தேடிப் பார்த்தார்கள். எலும்பு கிடைக்கவில்லை; காய்ந்து வற்றிய ஒரு பூனையின் உடல் கிடைத்தது.

கல்லில் வைத்தது போயிற்று, புத்தகத்தில் வைத்தது போயிற்று, ஈயத்தில் சுற்றியதும் போயிற்று. அறவில்லம் மட்டும் போகவில்லை. மெர்சர் சங்கத்தின் பொறுப்பில் அது விடப்பட்டிருந்தது. பிரார்த்தனை தடைசெய்யப்பட்ட பிறகும் சங்கம் ஏழைகளுக்குப் படி அளந்தது. லண்டன் பழைய இடத்தில் நெருக்கியபோது, 1820களில் இல்லம் ஹைகேட்டுக்கு இடம் மாறியது. 1966இல் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் அருகே ஃபெல்பிரிட்ஜுக்குப் போனது. இன்றும் நடக்கிறது. வயதானவர்கள் அங்கே வாழ்கிறார்கள். நாள்தோறும் விட்டிங்டனின் ஆன்மாவுக்காக மன்றாட வேண்டிய கட்டாயம் இன்று அவர்களுக்கு இல்லை.

ஏன் இது மட்டும் தங்கியது? கட்டடம் உறுதியானது என்பதால் இருக்க முடியாது. அது இருந்த இடமே இரண்டுமுறை மாறியிருக்கிறது. கொடுத்தவரின் பெயர் காப்பாற்றியது என்றும் சொல்ல முடியாது. அதே பெயரைத் தாங்கிய கல்லூரி ஒரே உத்தரவில் போயிற்று. கல்லூரியின் வேலை பிரார்த்தனையோடு முடிந்தது. அறவில்லத்துக்கு வேறொரு வேலை இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஒரு கிழவருக்குப் பசித்தது. மதம் மாறினாலும் அரசர் மாறினாலும் அந்தப் பசி மாறவில்லை. அந்தப் பசிக்கு நேராக ஓர் ஆள் நின்றிருந்தார்: மெர்சர் சங்கத்தின் கணக்கர். இன்ன நாளில் இவ்வளவு கொடு என்று அவர் முன் ஒரு விதி எழுதியிருந்தது. கொடுத்தவர் யாரென்று அவருக்கு ஒரு பெயராகத்தான் தெரியும். அவர் கொடுத்தார். அவருக்குப் பின் வந்தவரும் கொடுத்தார். அறுநூறு ஆண்டுகளாகப் பெயர் தெரியாத கணக்கர்கள் எண்ணி எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். விட்டிங்டன் ஒருமுறை கொடுத்தார்; அவர்கள் வாரந்தோறும் கொடுத்தார்கள். பூனைக் கதையிலும் சரி, மண்டையோட்டுப் படத்திலும் சரி, அவர்களுக்கு இடமில்லை.

வாழ்நாளில் விட்டிங்டன் செய்த பெரிய காரியங்களையெல்லாம் நம்பிக்கை என்ற ஒன்றே தாங்கியது. ஓர் அரசர் திருப்பித் தருவார் என்று நம்பினார். பெரும்பாலும் தந்தார்கள், சிலர் தரவில்லை. அந்த நம்பிக்கையை ஆணைப் பத்திரமும் சுங்கச்சாவடியும் காவல் காத்தன. சாகும்போது அவர் வைத்த நம்பிக்கைக்குக் காவல் எதுவும் இல்லை. நால்வர் கையில் பணத்தைக் கொடுத்தார். அவர்கள் ஒரு சங்கத்திடம் கொடுத்தார்கள். சங்கம் இன்னும் பிறக்காதவர்களிடம் கொடுத்தது. அவர்கள் ஏமாற்றினால் வழக்குப் போட அவருக்கு வாரிசு கிடையாது. பிள்ளையில்லாத வணிகர், தன் சொத்துக்குக் காவலாக முன்பின் தெரியாதவர்களின் நேர்மையை மட்டுமே வைத்துவிட்டுப் போனார். அவர் கொடுத்த கடன்களிலேயே மிகவும் ஆபத்தானது அதுதான்.

கொடுப்பவர்கள் எதையும் எதிர்பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்று அறநூல்கள் சொல்கின்றன. கேட்பதற்கு உயர்ந்ததாக இருக்கிறது; மனிதர்கள் அப்படி இல்லை. நன்றி, நல்ல பெயர், புண்ணியம், பிள்ளைகளுக்கு நன்மை, குறைந்தபட்சம் மனநிறைவு என்று ஏதோ ஒன்று திரும்பி வரும் என்ற கணக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். விட்டிங்டனுக்கும் ஓடியது. அதை எண்ணிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தால் உலகத்தில் ஒரு தண்ணீர்க் குழாய்கூட வந்திருக்காது. கொடுப்பவரின் மனம் எவ்வளவு தூய்மையாக இருந்தது என்பதை வைத்துக் கொடையை அளப்பது பயனற்ற வேலை. அந்த மனதை யாரும் திறந்து பார்க்க முடியாது. தண்ணீர் குடிக்க வந்தவருக்கு அது தேவையும் இல்லை.

அளக்க வேண்டிய நாள் வேறு. கொடுத்தவர் எதிர்பார்த்த பலன் ஒரு நாள் நின்றுவிடும். நன்றி சொன்னவர்கள் செத்துப்போவார்கள். பெயர் பொறித்த கல் உடையும். புண்ணியத்தைப் பற்றிய நம்பிக்கையே மாறிவிடும். அந்த நாளுக்குப் பிறகும் எது நடந்துகொண்டிருக்கிறதோ அதுதான் கொடை. அதற்கு முன்புவரை நடந்தது கொடுக்கல் வாங்கல். எந்த அறமும் பிறக்கும்போதே கொடையாகப் பிறப்பதில்லை. வசூலிக்க யாரும் இல்லாமல் போன பிறகும், இதைத் தொடர்ந்து செய்வோம் என்று முடிவெடுக்கிறவர்கள்தான் அதைக் கொடையாக்குகிறார்கள். விட்டிங்டன் ஒரு கடனை எழுதிவைத்தார். அதைக் கொடையாக மாற்றியவர்கள், அவரிடமிருந்து எதுவும் பெறாமல், அவருக்கு எதுவும் கடன்படாமல், பின்னால் வந்தவர்கள்.